முகப்பில் நிற்கும் மங்கை: பழைய வரலாற்று நூல்களின் செதுக்கோவியங்கள்

பாயிரம் இல்லாத நூலை நூலென்று ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர்கள் பல. முகவுரை, அணிந்துரை, புனைந்துரை, நூன்முகம் என்பன அவற்றுட் சில. நூலுக்கு ஒரு முகம் உண்டு, அம்முகம் அணி செய்யப்படுவதும் உண்டு என்னும் கருத்து இப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. சிறப்புப் பாயிரம் என்னென்ன கூறவேண்டும் என்பதையும் அவர்கள் வரையறை செய்தனர். அவ்வரையறையில் முதலிடம் பெறுவது நூலைச் செய்தவரின் பெயர். அதனைக் கூறும் உரிமை நூலாசிரியருக்கு இல்லை என்பது இன்னொரு விதி. ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரை கண்டவரோ கூறலாம். தன்னைத் தானே புகழ்தல் தகாது.

ஐரோப்பாவில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அச்சேறிய பெருநூல்கள் இப்பாயிரப் பணியைப் பெரிதும் ஓவியத்திடம் ஒப்படைத்தன. தலைப்புப் பக்கம் முழுவதும் ஒரு மாளிகை வாயில்; தூண்கள், மாடங்கள், மாடங்களில் மாந்தர்; அவர்கள் மனிதர் அல்லர், கருத்துகள். வாய்மை ஒரு பெண். புகழ் சிறகு முளைத்த ஒரு பெண். காலம் அரிவாள் ஏந்திய கிழவன். எந்தக் கருத்துக்கு எந்த உருவம், எந்த உருவத்தின் கையில் என்ன கருவி என்பதற்கு அகராதிகளே இருந்தன. இத்தாலியரான சேசரே ரிப்பா 1593இல் வெளியிட்ட உருவவியல் நூல் அத்தகையது. 1603ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குப் படங்களும் சேர்ந்தன. செதுக்குவோரும் கவிஞரும் அந்நூலைக் கைவிளக்காகக் கொண்டனர்.

இப்பக்கங்கள் ஆக்கப்பட்ட முறையையும் ஒருவாறு அறிந்துகொள்வது நலம். ஈய எழுத்து மேடாக நிற்பது. மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் எழுத்துப் பதியும். செப்புத் தகட்டு ஓவியம் இதற்கு நேர்மாறானது. கூர் உளியால் தகட்டில் பள்ளம் கீறி, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை உருளைகளுக்கிடையே செலுத்தி அழுத்த வேண்டும். ஆதலின் நூலின் உடல் ஓர் அச்சிலும் முகம் வேறோர் அச்சிலும் உருவாயின. செதுக்குபவர் எழுத்து, உருவம் அனைத்தையும் இடவலம் மாற்றியே கீறவேண்டும். செலவும் உழைப்பும் மிக்க இவ்வேலையை வெறும் அழகுக்காக எவரும் செய்திருக்க மாட்டார்கள். அப்பக்கங்கள் எதையோ வாதிட்டன. அவ்வாதத்தை நூலோடு ஒட்டவைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொள்ளும் முதற் சான்று, இலண்டனில் 1614இல் வெளிவந்த உலக வரலாறு. எழுதியவர் சர் வால்டர் ராலே. முகப்பைச் செதுக்கியவர் ரெனால்டு எல்ஸ்ட்ராக்.

பக்கத்தின் நடுவில் ஒரு மங்கை நிமிர்ந்து நிற்கிறாள். வாழ்வின் ஆசிரியை என்று இலத்தீனில் அவளுக்குப் பெயர் பொறித்திருக்கிறது. வரலாறு என்பவள் அவளே. இரு கைகளாலும் உலக உருண்டையைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறாள். காலடியில் இருவர் மிதிபட்டுக் கிடக்கின்றனர். ஒருவர் எலும்புக்கூடாகிய மரணம். மற்றவர் துயில்கின்ற மறதி. இடப்புறம் அனுபவம் என்னும் முதியவள், அளவுகோலும் தூக்குக்குண்டும் ஏந்தி நிற்கிறாள். வலப்புறம் வாய்மை, ஆடையின்றி, ஒளி வீசும் கையோடு நிற்கிறாள். உருண்டைக்கு இருமருங்கும் நற்புகழும் தீப்புகழும் எக்காளம் ஊதுகின்றன. தீப்புகழின் உடலெங்கும் கறைப் புள்ளிகள். அனைத்துக்கும் மேலே, முகிலிடையே ஒரு தனிக் கண். அது இறையருளின் கண். அனைத்தையும் பார்ப்பது.

நான்கு தூண்களைப் பற்றியும் ஒரு சொல். வரலாற்றுக்கு உரோமானியப் பேச்சாளர் சிசரோ தந்த சிறப்புப் பெயர்கள் ஐந்தில் ஒன்றை நடுமங்கை பெற்றுக்கொள்ள, எஞ்சிய நான்கும் தூண்களுக்குச் சென்றன. காலத்துக்குச் சாட்சியான தூணில் புத்தகங்கள். உண்மைக்கு ஒளியான தூணில் தீச்சுடர்கள். நினைவுக்கு உயிரான தூணில் இலைக்கொடிகள். இவை ஓரளவு இயந்திரத்தனமானவை. சொல்லைப் படமாக மொழிபெயர்த்திருக்கிறார் செதுக்கியவர், அவ்வளவே. ஆயின் பழமையின் தூதாகிய நான்காம் தூண் நம்மை நிறுத்துகிறது. அதில் எகிப்தியச் சித்திர எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1614இல் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இலர். பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அதன் மறையை அவிழ்த்தது 1822இல். தூது வந்துவிட்டது, ஓலையும் கையில் இருக்கிறது, படிப்பார் மட்டும் இல்லை! எல்ஸ்ட்ராக் இதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு. பழமையைப் பற்றி அத்தூண் சொல்லும் உண்மை மற்ற மூன்று தூண்கள் சொல்வதைக் காட்டிலும் பெரிது.

இனி நம் பாயிர விதியை நினைவுகூர்வோம். இப்பக்கத்தில் நூற்பெயர் உண்டு, வெளியிட்டவர் வால்டர் பர் என்பது உண்டு, ஆண்டு உண்டு. முதற்கண் சொல்லப்பட வேண்டிய ஆக்கியோன் பெயர் இல்லை. ஏன்?

ராலே அப்போது இலண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். எலிசபெத் அரசியின் அன்புக்குரியவராகவும், கடலோடியாகவும், குடியேற்றத் திட்டங்களின் தலைவராகவும் விளங்கியவர், முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய 1603ஆம் ஆண்டிலேயே அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றார். தண்டனை நிறைவேற்றப்படவில்லை, நீக்கப்படவும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடு, ஆனால் சட்டத்தின் கண்ணில் இறந்தவராக, அவர் சிறையில் வாழ்ந்தார். இறந்தவனுக்குத் தலைப்புப் பக்கத்தில் என்ன வேலை? யாருக்காக இந்நூலை எழுதத் தொடங்கினாரோ அந்த இளவரசர் ஹென்றியும் 1612இல் மறைந்தார். இந்நிலையில், மரணத்தையும் மறதியையும் மிதித்து எழும் ஒரு மங்கையைத் தம் நூலின் வாயிலில் நிறுத்துகிறார் பெயரிழந்த ஆசிரியர். பொது மரபாகக் கிடந்த உருவங்கள் இங்கே ஒரு தனி மனிதனின் வழக்குரையாகிவிடுகின்றன. அனுபவத்தின் கையிலுள்ள குண்டு கட்டிய கயிறு கொத்தனாருக்கும் உரியது, கடலாழம் பார்க்கும் மாலுமிக்கும் உரியது. ராலேயின் வாழ்வை அறிந்தவர்க்கு அதில் மாலுமியின் கயிறே தோன்றும்.

படத்துக்கு எதிரே ஒரு விளக்கச் செய்யுளும் உண்டு. அதற்கும் பெயர் இல்லை. எழுதியவர் நாடகாசிரியர் பென் ஜான்சன் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. பிறர் கூறும் சிறப்புப் பாயிரம் என்பதற்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான காட்டு கிடைப்பது அரிது. அச்செய்யுளில் இரு கருத்துகள் கவனத்துக்கு உரியன. நல்லோர் ஏமாற்றப்படாமலும் பெரியோர் காப்பாற்றப்படாமலும் இருத்தற்கே வரலாறு அமைந்தது என்பது ஒன்று. தன் வலிமையன்றிப் பிறர் வலிமை எதையும் துணைக்கொள்ளாமல் அவள் உலகைத் தாங்குகிறாள் என்பது மற்றொன்று. அரசர்க்கு நூலைப் படைத்து அரசரின் சின்னத்தை முகப்பில் பொறித்துக்கொள்வது வழக்கமாயிருந்த காலத்தில் இது சிறு கூற்று அன்று. படத்தைத் திரும்பப் பாருங்கள்: தூணுண்டு, கண்ணுண்டு, எக்காளமுண்டு, முடி சூடியவர் எவரும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் கவிஞரை விடச் செதுக்கியவரே நுண்ணியவர் என்பேன். மரணமும் மறதியும் ஏறத்தாழ ஒன்றே என்று ஜான்சன் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். எல்ஸ்ட்ராக் அவ்வாறு சேர்க்கவில்லை. மரணத்தின் மீது தசை இல்லை. மறதிக்கு உடல் இருக்கிறது, உறக்கமும் இருக்கிறது. உறங்குபவன் எழுவான். மிதித்து நிற்கும் காலைச் சற்றே எடுத்தால் முதலில் அசைவது எலும்புக்கூடு அன்று.

பெரியோர் காப்பாற்றப்படார் என்ற சொல்லை மன்னர் கேட்டுக்கொண்டார் போலும். நூல் வெளிவந்த அதே ஆண்டு டிசம்பரில் அதனைத் திரும்பப் பெறுமாறு ஆணை பிறந்தது. அரசர்களைக் குறைகூறுவதில் வரம்பு மீறுகிறது என்பது மன்னரின் எண்ணமாக அன்று பேசப்பட்டது. இத்தனைக்கும் நூல் உலகத் தோற்றத்தில் தொடங்கி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமர் மாசிடோனியாவை வீழ்த்தியதோடு நின்றுவிடுகிறது. தம் காலத்து வரலாற்றை எழுதுவதன் ஆபத்தை முன்னுரையிலேயே சுட்டிக்காட்டி விலகிக்கொண்டவர் ராலே. விலகியும் பயனில்லை. பிற்பாடு, அவர் சிறை நீங்கிய பின் 1617இல் வந்த பதிப்பில் அவர் பெயரும் உருவப்படமும் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், 1603இல் விதித்த அதே தண்டனையின்படி அவர் தலை வெட்டப்பட்டது.

இம்முகப்பைப் புகழ்வோர் பலர். நூலின் இறுதிப் பக்கத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர் சிலரே. அவ்விறுதிப் பக்கத்தில் ராலே மரணத்தை விளித்துப் பேசுகிறார். எவர் அறிவுரைக்கும் செவிசாய்க்காத வேந்தரைத் தெளியவைக்க மரணம் ஒன்றாலேயே முடியும் என்பதும், மனிதரின் பேராசை, செருக்கு அனைத்தையும் கல்லறை வாசகம் ஒன்றனுள் அது அடக்கிவிடுகிறது என்பதும் அப்பகுதியின் சாரம். ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாக அதை மதிப்பர். முதற்பக்கத்தில் மரணம் காலடியில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் அதுவே ஆசிரியப் பீடத்தில் அமர்ந்துவிட்டது. வாழ்வின் ஆசிரியை என்று வரலாற்றுக்குக் கொடுத்த பட்டத்தை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கதையைச் சொல்லி முடித்த களைப்பில், ராலே பிடுங்கி மரணத்துக்கு அளித்துவிட்டார்.

இதை முரண்பாடு என்று குறை கூறலாம். நான் அப்படிக் கருதவில்லை. முகப்பு எழுப்பிய வாதத்தைத் தன் உள்ளடக்கத்தாலேயே மறுத்துக்கொள்ளத் துணிந்த நூல் அது. தன் வாயிலில் நின்ற மங்கையைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறது. முகப்போவியம் ஒன்று நேர்மையானதா என்பதை அறிய, நூலின் உள்ளே அதற்கு எதிர்க்குரல் இருக்கிறதா என்று தேடுவதைக் காட்டிலும் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லா மங்கையரும் இச்சோதனைக்கு உட்பட்டவர்கள் அல்லர். ராலேக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் முன்பே, 1570இல், ஆண்டுவெர்ப் நகரத்து ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் தம் நிலப்படத் தொகுதியின் முகப்பில் கண்டங்களைப் பெண்களாக அமர்த்தினார். ஐரோப்பா முடி சூடி உச்சியில் வீற்றிருக்கிறாள். ஆசியா நறும்புகைக் கலம் ஏந்தி ஒருபுறம் நிற்க, ஆப்பிரிக்கா மறுபுறம் நிற்கிறாள். அமெரிக்கா ஆடையின்றி, வெட்டுண்ட மனிதத் தலையைப் பிடித்தபடி அடியில் கிடக்கிறாள். உலகைத் தாங்குபவள் வேறு. உலகில் யார் மேல், யார் கீழ் என்று இடம் ஒதுக்குபவள் வேறு. பின்னைய மரபே வணிகக் கப்பல்களோடு நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

மேஜர் ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை நில அளவையாளராக 1767 முதல் 1777 வரை பணிபுரிந்தவர். தாயகம் திரும்பிய பின் 1782இல் இந்துஸ்தானத்தின் பெரிய நிலப்படத்தை இலண்டனில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்கு விளக்கமாக ஒரு வரலாற்று நிலவியல் நூலையும் அளித்தார். நிலப்படத்தின் மூலையில் ஓர் ஓவியம் செதுக்கப்பட்டிருக்கிறது. தம் நூலில் அதனைக் குறியீட்டு முகப்பு என்றே அவர் குறிப்பிட்டுப் பொருளும் எழுதியிருக்கிறார். பாயிரத்தைப் பிறர் கூறவேண்டும் என்ற விதி இங்கே தவறிவிட்டது!

அவர் தரும் விளக்கத்தின்படி, பிரித்தானியா என்னும் தேவி, பண்டிதர்கள் நீட்டும் இந்துக்களின் புனித நூல்களைத் தன் காவலில் ஏற்றுக்கொள்கிறாள். வங்காள மக்களின் நலன் கருதிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1781இல் இயற்றிய சட்டத்தை இது குறிக்கிறதாம். இதை முழுப் பொய் என்று தள்ளுவது நேர்மையாகாது. வாரிசுரிமை, ஒப்பந்தம் முதலிய வழக்குகளில் இந்துக்களுக்கும் முசுலீம்களுக்கும் அவரவர் சட்டமே செல்லும் என்று அச்சட்டம் ஒப்புக்கொண்டது மெய். ஆயினும் படத்தில் உள்ள கொடுக்கல் வாங்கல் நடந்த விதம் வேறு. 1773ஆம் ஆண்டு தொடங்கி, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் பதினொரு பண்டிதர்கள் கல்கத்தாவில் அமர்ந்து அறநூற் சட்டங்களைத் தொகுத்தனர். அத்தொகுப்பு வடமொழியிலிருந்து பாரசீகத்துக்கும், பாரசீகத்திலிருந்து ஹால்ஹெட் என்பவரால் ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்டு 1776இல் அச்சாயிற்று. ஆட்சி நடத்தச் சட்டம் தேவைப்பட்டது, கேட்டார்கள், தொகுத்தார்கள். செதுக்குளி பட்டவுடன் அது காணிக்கையாகவும் அடைக்கலமாகவும் மாறிவிட்டது. ராலேயின் மங்கை தூக்குகிறாள், இவள் வாங்கிக்கொள்கிறாள்.

இதன் அடிப்பகுதியைத்தான் தமிழர்களாகிய நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பிரித்தானியாவைத் தாங்கும் பீடத்தில், இந்தியாவில் ஆங்கிலேயருக்குச் செல்வாக்குத் தேடித் தந்த வெற்றிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பீடத்தருகே ஒரு சிப்பாய் தன் தோழனுக்கு அவற்றுள் புதியன இரண்டைச் சுட்டிக்காட்டுகிறான். அவ்விரண்டும் தளபதி அயர் கூட் 1781இல் ஹைதர் அலியின் படையை எதிர்த்துப் பெற்ற வெற்றிகள். ஒன்று, ஜூலை முதல் நாள் போர்ட்டோ நோவோவில். மற்றொன்று, செப்டம்பர் 27ஆம் நாள் சோளிங்கரில். போர்ட்டோ நோவோ என்பது வேறு எதுவுமன்று, கடலூரை அடுத்த நம் பரங்கிப்பேட்டை. சோளிங்கர், நரசிம்மர் மலைமேல் கோயில் கொண்டிருக்கும் ஊர். உலக வரைபடக் கலையின் புகழ்பெற்ற முகப்பொன்றில் இரு தமிழூர்கள் இடம்பெற்றுவிட்டன. கல்வெட்டாக அன்று, பிறர் வெற்றியின் பெயராக.

பீடத்தில் இடம் பெறாதது ஒன்று உண்டு. ஹைதரின் படையெடுப்பும் அதை எதிர்த்த போரும் சேர்ந்து கர்நாடகப் பகுதியின் வயல்களைப் பாழாக்கின. பட்டினியால் துரத்தப்பட்ட மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கித் திரண்டனர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம். வடசென்னையில் பின்னர் எழுந்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லக் கேட்டவர்கள் இம்மலரின் வாசகர்களுள் பலர் இருப்பர். அப்பெயர் அந்நாளிலிருந்து வருவது. கஞ்சிக்கு வரிசை நின்றதும், பரங்கிப்பேட்டையின் பெயரைத் தாங்கிய நிலப்படம் இலண்டனில் விற்பனைக்கு வந்ததும் ஒரே ஆண்டில். ரென்னலின் நூலில் அளவைகள் உண்டு, ஆறுகளின் போக்கு உண்டு, படை சென்ற வழிகள் உண்டு. அளவையாளர் என்ற முறையில் அவர் பெரிய அறிஞர், அதில் ஐயமில்லை. ஆனால் தம் முகப்பை மறுத்துப் பேசும் இறுதிப் பக்கம் ஒன்றை அவர் எழுதவில்லை. எல்ஸ்ட்ராக் செதுக்கிய அந்த உறங்கும் உருவம் ரென்னலின் படத்தில் காணப்படவில்லை. யாரும் அதை மிதித்து நிற்கவும் இல்லை.

சிப்பாயிடம் திரும்புவோம். கூட்டின் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். படத்திலுள்ளவன் எவ்வூரான் என்று ரென்னல் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டின் பொருட்டு ஊரைவிட்டு வந்து பிறர் கணக்கை எழுதும் நாம் அவனை அயலானென்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவன் விரல் நீட்டுகிறான். பீடத்திலிருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தானா, அல்லது அங்கே நின்று போரிட்டவன் என்ற முறையில் அது இன்ன இடம் என்று பார்வையாலேயே அறிந்துகொண்டானா? தோழனிடம் அவன் என்ன பெயர் சொல்லியிருப்பான்? போர்ட்டோ நோவோ என்றா, பரங்கிப்பேட்டை என்றா?